தாசில்தார் சட்டை உரித்த நாள்

நாள் 3 — 08:15

அறை வெப்பம் 24 டிகிரி. ஈரப்பதம் 48. கரியமில வாயு 0.4 சதவீதம். காற்று விசிறி சீராக ஓடுகிறது. குடிநீர்க் குழாயில் சிறு கசிவு இருந்தது. டேப் சுற்றினேன், நின்றுவிட்டது.

இந்தக் குறிப்பேட்டை அடுத்து யார் படிப்பீர்களோ தெரியாது. அதனால் முதலில் என்னைச் சொல்லிவிடுகிறேன். பெயர் சாராள் ஞானதீபம். வயது அறுபத்து நான்கு. நாசரேத்தில் முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள். இப்போது நிலவைச் சுற்றிவரும் நெய்தல் நிலையத்தில் காவலாள். ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏறும்வரை இரண்டு மாதம் வீடு பார்த்துக்கொள்ளும் வேலை. இதற்கு வயதானவர்களைத்தான் எடுக்கிறார்கள். கதிர்வீச்சின் கெடுதல் தெரிய இருபது வருடம் ஆகுமாம். அதற்குள் நாங்களே போய்விடுவோம் என்ற கணக்கு. எனக்கு அதில் வருத்தமில்லை.

மற்ற அறைகளைக் கீழிருந்தே பூட்டி, காற்றை எடுத்துவிட்டார்கள். எனக்கு ஒரே அறை. இரண்டு பீரோவும் ஒரு கட்டிலும் போட்டால் நிரம்பிவிடும்.

அறையில் இன்னொருவரும் உண்டு. போன குழுவின் ஆய்வாளர் குமுதவல்லி வளர்த்த டரான்டுலா. உள்ளங்கை அகலத்தில், உடம்பெல்லாம் மயிர் அடர்ந்த பெரிய சிலந்தி. குமுதவல்லிக்குச் சிறுநீரகத்தில் கல் வந்து அவசரமாக இறக்கினார்கள். சிலந்தியை இறக்க நேரமில்லை. கைப்பட மூன்று பக்கம் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். சிலந்தியின் பெயர் தாசில்தார். எப்போது போய்ப் பார்த்தாலும் தன் இடத்தில் இருக்கும், ஆனால் ஒரு காரியமும் நடக்காது, அதனால் அந்தப் பெயர் என்று எழுதியிருக்கிறாள். பெண் சிலந்திதான்.

நான் சிலந்தி பற்றி முப்பத்தொரு வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். எல்லாம் பாட்டிலில் இருந்த சிலந்திகள். உயிருள்ள ஒன்றை வளர்ப்பது இதுவே முதல் தடவை.

நாள் 9 — 09:40

எல்லா அளவுகளும் சரி.

தாசில்தாருக்கு இன்று முதல் உணவு. பெட்டியின் மூடியில் எலுமிச்சம்பழம் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. ரப்பர் அடைப்பானை எடுத்துவிட்டு, நீண்ட இடுக்கியால் ஒரு மாவுப்புழுவை நீட்ட வேண்டும். என் கை நடுங்கியது. அந்த நடுக்கம் இடுக்கி வழியாகப் போனதும் தாசில்தார் பின்காலால் வயிற்றைப் பரபரவென்று தேய்த்து மயிரை உதறியது. எடையில்லாத இடமல்லவா, மயிர் கீழே விழாமல் மிதந்து வந்து என் கழுத்தில் ஒட்டியது. அரை நாள் அரிப்பு.

தரைநிலையத்தில் என்னோடு பேசுபவர் பீர்முகமது, மேலப்பாளையத்துக்காரர். நான்கு நிலையங்கள் ஒரே ஆன்டெனாவைப் பங்கிட்டுக்கொள்வதால் எனக்குக் காலை ஆறிலிருந்து ஏழு, மாலை எட்டிலிருந்து ஒன்பது. அந்த இரண்டு மணி நேரம்தான் மனிதக் குரல்.

"என்ன டீச்சர், கஞ்சி குடிச்சாச்சா? தாசில்தாரம்மா மனுவ வாங்கினாவளா, இல்ல நாளைக்கு வான்னுட்டாவளா?"

வாங்கிவிட்டாள் என்றேன்.

"அத மூடியே வையுங்க. எனக்கு இங்க இருந்தே உடம்பெல்லாம் அரிக்கி."

நாள் 24 — 10:05

கரியமில வாயு 0.4. விசிறி சரி.

இரண்டு வாரமாகச் சாப்பிடவில்லை. மாவுப்புழுவை நீட்டினால் காலால் தள்ளிவிடுகிறது. வயிற்றில் மயிர் உதிர்ந்த வழுக்கை ஒன்று இருக்கிறது. அது முன்பு வெளிறி இருந்தது, இப்போது கறுத்து வருகிறது. உடம்பின் நிறமும் மங்கிவிட்டது. பல நாள் துவைக்காத கறுப்புக் குடைத்துணி போல.

குமுதவல்லியின் தாளில் இதற்கு விடை உண்டு. "சாப்பிடாம இருந்தா சட்டை உரிக்கப் போகுதுன்னு அர்த்தம். மல்லாந்து படுக்கும். செத்துப்போச்சுன்னு நினைச்சுத் தொட்டுறாதீங்க." மேலே வந்தபின் அது இன்னும் ஒரு தடவைகூடச் சட்டை உரிக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறாள்.

ஆகவே மல்லாந்து படுக்கக் காத்திருக்கிறேன்.

நாள் 33 — 11:20

மல்லாந்து படுக்கவில்லை. பெட்டியின் ஆறு சுவரிலும் மரப்பட்டை ஒட்டியிருக்கிறது. அது ஒரு மூலையில் கால்களை அகட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊதினால் ஒரு காலை மட்டும் மெதுவாக அசைக்கிறது.

மூச்சுத் திணறுகிறதோ என்று தோன்றியது. நல்ல காற்று போகட்டும் என்று மூடியின் ரப்பர் அடைப்பானை எடுத்துவிட்டேன். காய்ச்சல்காரர் அறையில் ஜன்னலைத் திறந்துவைப்பது போல. உடம்பு சரியில்லாத பிராணி எங்கே ஓடிவிடப் போகிறது?

நாள் 35 — 18:40

தாசில்தார் இறந்துவிட்டது.

மாலை 18:30-க்குப் பார்த்தேன். கால்கள் உள்ளே மடங்கியிருந்தன. வயிறு சுருங்கி, வெயிலில் கிடந்த திராட்சை மாதிரி இருந்தது. ஊதினேன், அசையவில்லை. இடுக்கியால் தொட்டேன், அசையவில்லை. பாட்டிலில் பார்த்த சிலந்திகள் எல்லாம் இப்படித்தான் இருக்கும். எனக்குத் தெரியாதா? வயிற்றுச் சுருக்கத்தைப் பார்த்தால் தண்ணீர் போதவில்லை என்று தெரிகிறது. தப்பு என்னுடையது.

பிளாஸ்டிக் பையில் போட்டு, பெயர், தேதி, நேரம் எழுதி ஒட்டி, உறைபெட்டியில் வைத்தேன். பள்ளிக்கூடப் பழக்கம். எழுத்து மட்டும் கோணலாக வந்தது.

20:05. பீர்முகமதுவிடம் சொன்னேன். அவர் கேலி எதுவும் செய்யவில்லை.

"பாவம் டீச்சர். நீங்க என்ன செய்வீங்க. ஆஸ்பத்திரில அந்தப் பிள்ளைட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

நாள் 36 — 06:12

தொடர்பு திறந்ததும் குமுதவல்லியின் குரல் வந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து பேசிப் பதிந்து அனுப்பியிருக்கிறாள். அப்படியே எழுதுகிறேன்.

"டீச்சருங்க, பீர் அண்ணன் சொன்னாருங்க. உங்க மேல எனக்கு வருத்தமே இல்லைங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கணும். அதோட முதுகுல, தலைக்கு மேல, ஒரு மூடி மாதிரி திறந்திருந்துச்சுங்களா? டப்பா மூடிய நெம்பித் திறந்த மாதிரி? திறந்திருந்தா... டீச்சர், அது வெறும் தோலுங்க. உள்ள ஆள் இல்லைங்க."

நாள் 36 — 06:24

உறைபெட்டியைத் திறந்து பார்த்தேன்.

மூடி திறந்திருக்கிறது. அந்தப் பக்கம் மரப்பட்டையோடு ஒட்டி இருந்ததால் நேற்று பார்க்கவில்லை. உள்ளே ஒன்றுமில்லை. எட்டுக் கால், நகம், மயிர், பல் வரை அப்படியே இருக்கிறது. ஆள் இல்லை.

மல்லாந்து படுக்கும் என்று காத்திருந்தேன். இங்கே எது மேல், எது கீழ்? நானே கூரையில் படுத்துத் தூங்குகிறேன். முப்பத்தொரு வருடம் பாடம் எடுத்தவளுக்கு இது தோன்றவில்லை.

அடைப்பான் இல்லாத ஓட்டை. புதிதாகச் சட்டை உரித்த சிலந்தி, நேற்றுப் பூசிய சிமெண்ட் சுவர் மாதிரி. விரல் பட்டால் பள்ளம் விழும். கால்களுக்கும் பிடிப்பு இருக்காது. விசிறிக் காற்று அதை மெதுவாக இழுத்திருக்கும்.

இந்த அறையில் காற்று ஒரே ஒரு இடத்துக்குத்தான் போகிறது.

நாள் 36 — 06:49

விசிறிக் குழாயின் கம்பித் தடுப்பில் கம்பிகளுக்கு நடுவே மூன்று விரல் இடைவெளி உண்டு, அதற்குள் டார்ச் அடித்தேன். பல் பார்க்கும் கண்ணாடியை நீட்டினேன். இருக்கிறது. முன்பைவிடப் பெரிதாக, ஈரக் கறுப்பாக, குழாயின் உள்சுவரில். விசிறி இறக்கைக்கு இரண்டு சாண் தூரம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கால் பிடியை விட்டு இறக்கைப் பக்கம் ஆடியது.

விசிறியை நிறுத்திவிட்டேன்.

06:53. பீர்முகமது கேட்டார்.

"டீச்சர், விசிறி நின்னுட்டுன்னு இங்க சிவப்பு காட்டுது. என்னாச்சு?"

உண்மையைச் சொன்னால் அவர் அந்த நொடியே கீழிருந்து விசிறியை ஓட்டிவிடுவார். அவர் நல்லவர், அதனாலேயே ஓட்டிவிடுவார். தானாக நின்றுவிட்டது, பார்க்கிறேன் என்று சொன்னேன். அவர் மேலும் ஏதோ சொன்னார். என் கண் கண்ணாடியில் இருந்தது. சரி, சரி என்றேன். ஏழு மணிக்குத் தொடர்பு முடிந்தது.

என் வாழ்நாளில் வேலையில் நான் சொன்ன முதல் பொய் இது.

நாள் 36 — 08:30. கரியமில வாயு 0.9

கணக்கை எழுதிவைக்கிறேன். விசிறி ஓடினால்தான் காற்று சுத்திகரிப்பானுக்குப் போகும். ஓடாவிட்டால் நான் விடும் மூச்சு இந்த அறைக்குள்ளேயே சேரும். மணிக்கு ஏறக்குறைய 0.3 ஏறும். 3-ல் தலைவலி. 5-ல் புத்தி தடுமாறும்.

சிலந்தியைக் கையால் எடுக்க முடியாது. இடுக்கியாலும் முடியாது. இழுத்தால் கால் கழன்று வரும், உடம்பு கிழிந்தால் உள்ளிருப்பது எல்லாம் வெளியே வந்துவிடும். தோல் கொஞ்சம் இறுகித் தானாக நடந்து வர வேண்டும். கம்பித் தடுப்பைக் கழற்றிவிட்டேன். சிலந்தியின் பெட்டியிலிருந்து ஒரு மரப்பட்டையைப் பிரித்துக் குழாய்க்குள் பாலம் போல நீட்டிப் பிடித்திருக்கிறேன். அறை விளக்கை அணைத்துவிட்டேன், துணி சுற்றிய டார்ச் மட்டும் மங்கலாக எரிகிறது. பழகிய வாசனைக்கு வரும்.

3 வந்ததும் நிறுத்திவிடுவேன். எழுதிவிட்டேன், மீறக்கூடாது.

நாள் 36 — 11:50. கரியமில வாயு 1.9

அசையவில்லை. உயிர் இருக்கிறது. அடிவயிறு லேசாக ஏறி இறங்குகிறது.

படிப்பவருக்கு ஒரு கேள்வி வரும். ஒரு சிலந்திக்காகவா என்று. நியாயமான கேள்வி. ஒரு பழைய சம்பவம் சொல்கிறேன்.

ஒருநாள் மாலை ஆய்வக வகுப்பு முடிந்து, பிள்ளைகளை வெளியே வராந்தாவில் நிறுத்தி வருகைப்பதிவு எடுத்தேன். ஜெபக்கனி என்று கூப்பிட்டேன். "உள்ளேன் டீச்சர்" என்று குரல் வந்தது. நான் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. அவளுக்காக அவள் தோழி குரல் கொடுத்திருக்கிறாள். டிக் போட்டுவிட்டு ஆய்வகத்தைப் பூட்டிக்கொண்டு போய்விட்டேன். ஜெபக்கனி உள்ளே, அலமாரிக்குப் பின்னால், கீழே விழுந்த கம்மலைத் தேடிக்கொண்டிருந்தாள். ஃபார்மலின் வாடை அடிக்கும் அறை. இரண்டு மணி நேரம் கழித்து அவள் அப்பா வந்து கேட்ட பிறகுதான் திறந்தேன். கண் இரண்டும் வீங்கியிருந்தது. அவள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. "தட்டினேன் டீச்சர்" என்றாள். அவ்வளவுதான்.

இல்லாதவளை இருக்கிறாள் என்று எழுதினேன் அன்று. இருக்கிறதை இல்லை என்று எழுதி ஒட்டினேன் நேற்று. இரண்டிலும் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நாள் 36 — 14:35. கரியமில வாயு 2.8

தலைவலி. கண்ணுக்குப் பின்னால்.

விசிறி இல்லாததால் நான் விட்ட மூச்சு என் முகத்தைச் சுற்றியே நிற்கிறது. கொசுவலைக்குள் உட்கார்ந்திருப்பது போல. அட்டையால் விசிறிக்கொள்கிறேன். ஒரு கை பட்டையைப் பிடிக்கிறது, ஒரு கை விசிறுகிறது, அதனால்தான் எழுத்து இப்படி.

14:40. இரண்டு கால் முன்னே வைத்தது! பிறகு நின்றுவிட்டது.

நாள் 36 — 15:20. கரியமில வாயு 3.0

3 வந்துவிட்டது.

பரீட்சையில் மணி அடித்த பிறகும் ஒரு வரி பாக்கி என்று கெஞ்சுகிற பிள்ளையிடம் நான் தாளைப் பிடுங்கியதில்லை. எனக்கு நானே அரை மணி கூடக் கொடுக்கிறேன். அவசர முகமூடி இருக்கிறது. அதன் பாட்டில் நாற்பது நிமிடம் வரும். போட்டுக்கொள்கிறேன்.

நாள் 36 — 16:10. கரியமில வாயு 3.3

பாட்டில் தீர்ந்தது. இனி இல்லை.

பட்டையின் நுனிக்கு வந்துவிட்டது. முன்கால் இரண்டும் தட்டித் தட்டிப் பார்க்கின்றன. கண் தெரியாதவர் படிக்கட்டை அளப்பது போல. இப்போது விட்டால் இத்தனை நேரமும் வீண். சிலந்திக்கு இந்தக் காற்று ஒன்றும் செய்யாது. அதன் மூச்சு மெதுவானது. எனக்குத்தான்.

நாள் 36 — 17:30. 3.9

வாந்தி வருகிறது. கை மரத்துவிட்டது. மாற்றிப் பிடிக்க முடியாது, ஆடும்.

வா அம்மா. வா. மெதுவாக வா.

நாள் 36 — 18:22. 4.3

ஏறிவிட்டது. முழுசாக. எட்டுக் காலும் பட்டையில்.

18:27. பெட்டிக்குள். அடைப்பான் போட்டுவிட்டேன். இரண்டு தடவை அழுத்திப் பார்த்தேன். என் கண்ணால் நிமிர்ந்து பார்த்து எழுதுகிறேன்: தாசில்தார், உயிரோடு.

விசிறியைப் போடப் போகிறேன். பீர்முகமதுவிடம் எட்டு மணிக்கு உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும்.

நாள் 36 — 18:34. 4.3

விசிறி ஓடவில்லை.

பொத்தானை ஆறு தடவை அழுத்தினேன். திரையில் ஒரே வரி. "தரையிலிருந்து பூட்டப்பட்டுள்ளது."

நாள் 36 — 18:47. 4.4

காலைப் பேச்சின் பதிவைப் போட்டுக் கேட்டேன். நான் சரி சரி என்று சொன்ன இடம்.

"டீச்சர், கவனமா கேளுங்க. தானா நின்ன மோட்டார் எரிஞ்சிரக் கூடாது பாருங்க, அதனால விதிப்படி லைன நான் பூட்டிருதேன். நீங்க பிரிச்சுப் பாத்துட்டு, எட்டு மணிக்கு உங்க வாயால 'விசிறி நல்லாருக்கு'ன்னு சொன்னாத்தான் திறக்க முடியும். சீக்கிரமா காத்து கெட்டிரும், அதனால மேல பச்சைப் பொத்தான அழுத்தினா பக்கத்து ரூமுல காத்து நிரம்ப ஆரம்பிக்கும், ஒம்பது மணி நேரம் ஆகும், இப்பவே அழுத்திருங்க. சரியா டீச்சர்?"

"சரி, சரி."

என் குரல்தான்.

இப்போது அழுத்தினேன். பச்சை எரிகிறது. ஒன்பது மணி நேரம் என்று காட்டுகிறது.

கேட்காமல் சரி என்று சொன்ன பிள்ளைகளை எத்தனை பேரை எழுப்பி நிறுத்தியிருக்கிறேன்.

நாள் 36 — 19:05. 4.5

இன்னும் ஐம்பத்தைந்து நிமிடம். செய்ய வேண்டியது ஒன்றே. விழித்திருந்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். விசிறி நல்லாருக்கு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும்.

அசையாமல் இருந்தால் மூச்சு குறைவாகப் போகும். அசையாமல் இருந்தால் முகத்தைச் சுற்றி நிற்கும். இரண்டும் சரி. இரண்டில் எதைச் செய்ய.

நாள் 36 — 19:24

எண் தெரியவில்லை. 4 என்று ஆரம்பிக்கிறது.

தூங்கிவிட்டேன். எவ்வளவு நேரம் தெரியாது. பேனா காதுக்குப் பக்கத்தில் மிதந்தது.

விசிறி நல்லாருக்கு. விசிறி நல்லாருக்கு. எழுதினால் மறக்காது.

நாள் 36 — 19:38

கை மட்டும் எழுதுகிறது. பக்கத்தில் பெட்டி இருக்கிறது. அது என்னைப் பார்க்கிறதா என்று சொல்ல முடியாது. எட்டுக் கண் இருந்தும் பார்வை போதாது அதற்கு. பாடத்தில் உண்டு.

வளர்க்கப் போகிறவருக்கு எழுதிவிடுகிறேன். குமுதவல்லி எழுதாமல் விட்டது.

பெட்டியைத் திறக்காமல் டார்ச் அடித்துப் பல்லைப் பாருங்கள். வாய்க்குக் கீழே இரண்டு வளைந்த பல். இப்போது பால் வெள்ளை. அரிசி மணி போல. இதனால் கடிக்க முடியாது, புழுகூட அதைக் கொன்றுவிடும். உணவு வைக்காதீர்கள். தண்ணீர் பஞ்சில் நனைத்து. ஒரு வாரத்தில் சிவக்கும். பத்து நாளில் நன்றாகக் கறுத்துவிடும். கறுத்த பிறகுதான் பசி.

நாள் 36 — 19:46

பல் வெள்ளையாக இருந்தால் என்னை எழுப்புங்கள். தோளைப் பிடித்து உலுக்குங்கள், காற்று கொடுங்கள், நான் எழுந்துகொள்வேன்

கறுத்திருந்தால் என்னிடம் அவசரமில்லை. முதலில் அதற்கு ஒரு மாவுப்புழு கொடுங்கள். இடுக்கியில். கை நடுங்காமல்